மொறிஸ் மைனரோடு 22 வருடங்கள்

பெற்றோல் செட்டில் காரை நிறுத்தினால் போதும், யாராவது கிட்ட வந்து பொனற்றைத் தடவிப் பார்த்து, "விக்கிற எண்ணம் இருக்கோ அண்ணை?" என்று கேட்பார்கள். முன்பு கேட்டவர்கள் வயதானவர்கள். இப்போது கேட்பவர்களில் பாதிப்பேர் இப்படியொரு காரில் ஒருநாளும் ஏறியிராத பொடியள். கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றவும் படம் எடுக்கவும் வேண்டுமாம். படத்துக்கு வடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுகிற பாடு வேறு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சிசி எஞ்சின், நாலு கியர். அப்பப்பா புதிதாக வாங்கினார், பிறகு ஐயா ஓட்டினார், 2003 இல் என் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்குள் கிழமையில் நாலைந்து நாள் ஓடுகிறது. நம்பர் தகட்டில் இன்னமும் அந்தச் சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்து 1957 இல் வந்தபோது, தமிழர்கள் எதிர்ப்புக் காட்டி அதைத் தார் பூசி அழித்த காலமும் இருந்தது. அதற்கு முந்திய ஈஎன், ஈஎல் நம்பர் வைத்திருந்தவர்கள் அதை ஒரு பெருமையாகவே சொல்லித் திரிந்தார்கள் என்று அப்பப்பா சொல்வார்.

முதலில் தோற்றம், ஏனென்றால் எல்லோரும் மயங்குவது அதில்தான். பொனற்றின் நடுவே ஒரு தட்டையான பட்டி நெடுக ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அலங்காரத்துக்காக வைத்ததில்லை அது. இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தயாரிப்புக்குப் போகும் நேரத்தில் கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். துண்டுகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலகியதும் "இது போதும்" என்று நிறுத்தினாராம். 57 அங்குல அகலம் 61 ஆனது. பொனற்றுக்கு அச்சு முன்பே செய்தாயிற்று, அதனால் நடுவில் ஒட்டுப் போட்டதுபோல அந்தப் பட்டி. ஆரம்பகாலக் கார்களில் பம்பரைக்கூட நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்திருப்பார்கள். 1948 இல் வெளிவந்த காருக்கு, மூன்று தலைமுறை கழிந்தும் ஆட்கள் கை வைத்துப் பார்க்கிற இடம் அந்த ஒட்டுத்தான். கொம்பனி முதலாளி நபீல்ட் பிரபு இதைப் பார்த்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்ததாகக் கதை. முட்டைதான், யார் இல்லை என்றது?

உள்ளே ஏறினால் நடுவில் ஒரேயொரு வட்ட டயல். வேகம் மைலில். பெற்றோல் முள் அதற்குள்ளேயே. முன்கதவில் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். ஏசி இல்லாத காரில் சித்திரை வெயிலில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். புதுக்கார்களில் இதை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்னமும் கோபம். பக்கத்துத் தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டியும் உண்டு. 1961 வரை வந்த மைனர்களில் சிக்னல் என்றால் அதுதான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். இரண்டு தரம் உரசிய பிறகு மினுங்கும் சிக்னல் பூட்டிவிட்டேன். கைகாட்டி இப்போது பிள்ளைகளுக்கு மட்டும்.

ஸ்ரியறிங்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அந்தக் காலத்து மற்றக் கார்களில் ஸ்ரியறிங்கைக் கால்வட்டம் சுற்றினாலும் சில்லு யோசித்துத்தான் திரும்பும். இதில் பல்சட்டமும் பல்சில்லும். கை அசைந்தால் மூக்கு அசையும். முன்பக்கம் சுருள்வில்லுக்குப் பதிலாக நீட்டுவாக்கில் முறுக்குக் கம்பி. கிடங்கு விழுந்த ஒழுங்கைகளில் ஒஸ்ரின் ஏ40 காரர்கள் படகுபோல ஆடிக்கொண்டு போகும்போது நான் நேராகப் போவேன். (ஏ40 வைத்திருக்கும் நண்பர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். அவருடைய சீற் அகலம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.)

இனிக் குறைகள். பிறேக் நாலு சில்லுக்கும் டிரம்தான், உதவிக்குப் பூஸ்டர் கிடையாது. முழுக்காலையும் கொடுத்து மிதிக்கவேண்டும். கார்த்திகை மழையில் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் டிரம் காயும்வரை கடவுள்தான் பிறேக். முதல் கியர், கார் முற்றாக நின்றால் மட்டுமே சத்தமில்லாமல் விழும். பிறேக் எண்ணெய் உருளையைச் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் எண்ணெய் பார்க்கவேண்டும். உருளையையே வெளியே எடுப்பதென்றால் அந்த முறுக்குக் கம்பி வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இசிகோனிஸ் ஒருநாளாவது நிலத்தில் படுத்துக் கிடந்து அதைக் கழற்றியிருந்தால் வேறு இடத்தில் வைத்திருப்பார்.

பெரிய ஆபத்து முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டில். அது திருகுப்புரியில் நிற்கிற மூட்டு. கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேயும், தேய்ந்தால் ஒருநாள் கழன்று சில்லு காருக்குக் கீழே மடங்கும். எனக்கு 2008 இல் நடந்தது. பிழை முழுக்க என்னுடையது, எட்டு மாதம் கிறீஸ் கன்னைத் தொடவே இல்லை. நல்ல காலம், வீட்டுப் படலைக்குள் திருப்பும்போதுதான் மடங்கியது. இப்போது 1000 மைலுக்கு ஒருதரம் தவறாமல் கிறீஸ் அடிக்கிறேன்.

இன்னொன்று, பற்றரியின் நேர்முனைதான் உடம்புத் தகட்டோடு சேரும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. ஒரு கராஜில் கைபேசி சார்ஜர் பூட்டச் சொன்னேன். பூட்டிய பையன் வழமைபோலக் கொடுத்தான், சார்ஜர் புகைந்தது. அவனைக் குறைசொல்ல முடியாது, அவன் பிறக்கமுன்பே அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது.

இவ்வளவு குறையோடும் இந்தக் கார் எப்படி மிஞ்சியது என்று கேட்டால், பழசின் மேலுள்ள பாசம் பாதிக் காரணம்கூட இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்கு பெற்றோல் வராது. ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எடுத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சூப்பிப் போத்தலில் பெற்றோல் வைத்துச் சொட்டுச் சொட்டாக அடிப்பது என் வேலை. எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. ஐயா உள்ளே இருந்து "அடி, அடி, காணும்!" என்பார். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கிவிடும், அடிக்கடி எண்ணெய் மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். ஜப்பான் கார்கள் இதைத் தாங்காமல் வீட்டில் படுத்தன. மைனரும் ஏ40யும் இருமி இருமி ஓடின.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன சனத்துக்குள் இந்தக் காரும் இருந்தது. பின்சீற்றில் அப்பம்மா, மேலே தையல் மெசினும் பாயும். நடக்கிற வேகத்தில் எஞ்சின் கொதித்துவிடும் என்று நிற்பாட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனோம். ஸ்ரியறிங்கில் அம்மா. ஓடாத காரைத் தள்ளுவதற்கு இதன் எடை குறைவு என்பதும் அன்று உதவியது. ஒரு காரைப் பற்றிய குறிப்பில் இதைச் சேர்க்கவேண்டுமா என்று யோசித்தேன். நீண்டகாலப் பாவனை என்றால் இதுவும் பாவனைதானே.

2002 இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபிறகு பாகங்களுக்குக் கஷ்டம் குறைந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்தால் பெரும்பாலும் கிடைக்கும். இங்கிலாந்தில் ஓடும் மைனர்களுக்கே இலங்கையில் தகரப் பாகங்கள் செய்து அனுப்பிய காலமும் உண்டு. கிடைக்காத புஷ்ஷை இங்கேயே லேத்தில் கடைந்து தருகிறார்கள்.

செலவு? லீற்றருக்கு 11 முதல் 13 கிலோமீற்றர் தருகிறது. 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று கட்டினார்களே, ஊருக்குள் ஓட அது தாராளம். 70 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே போனால் காரும் நடுங்கும் நானும் நடுங்குவேன். 2010 இல் ஒருதரம் கொழும்புக்குக் கொண்டுபோனேன். இனிப் போகமாட்டேன். சீற் பெல்ற் இல்லை, பக்கத்தால் போகும் பஸ்ஸின் காற்றே கதவைத் தட்டும்.

வாங்கப்போகிறவர்கள் பெயின்றைப் பார்க்கவேண்டாம். ஒரு காந்தத்தையும் சின்னச் சுத்தியலையும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூச்சுத்தான் இருக்கிறது. காலடி விரிப்பைத் தூக்கிக் கீழ்த்தகட்டைத் தட்டிப் பாருங்கள். முன்சில்லு இரண்டையும் ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் விலையில் பேசுங்கள். விற்பவர் மனம் நோகும்தான், பரவாயில்லை.

என் கார் விற்பனைக்கு இல்லை. கலியாணத்துக்கு வேண்டுமென்றால் தருவேன், ஓட்டுவது நான்தான்.