ஏடுகளை வீட்டுக்குச் சுமப்பதா, பிள்ளையை அருகில் அமர்த்தித் திருத்துவதா?

பிள்ளைகளின் ஏடுகளை மாலையில் பையில் போட்டு எடுத்துச் சென்று வீட்டில் திருத்துவது ஒரு வழி. பாடவேளைக்குள்ளேயே ஒவ்வொருவராக அருகில் அமர்த்தி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்துவது மற்றொரு வழி. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6ஆம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் நான் முதல் வழியை 2 ஆண்டுகளும் இரண்டாவது வழியை 3 ஆண்டுகளும் கடைப்பிடித்திருக்கிறேன். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் ஜூன் மாதத்தில் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். என் மனம் இரண்டாவது வழியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் திருத்தினால் அமைதி கிடைக்கும், பக்கம் சுத்தமாக இருக்கும், பார்வைக்கு வரும் அலுவலருக்கும் பெற்றோருக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையும் தேதியும் தெரியும். வகுப்பில் திருத்தினால் இரைச்சல் இருக்கும், சில பக்கங்கள் விடுபடும். இவை எல்லோரும் அறிந்தவை. கையொப்பமும் தேதியும் இட எந்த வழியிலும் இடமுண்டு என்பதால், ஆய்வுக்காக மட்டும் வீட்டு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: ஜூனில் தொடங்கும் வழக்கம் ஏப்ரல் வரை நிற்குமா? என் வகுப்பில் 34 பிள்ளைகள். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சுற்றுக்கு 68 நிமிடம் ஆகிறது. கட்டுரை ஏடு என்றால் அதைவிடக் கூடும். ஜூன், ஜூலை மாதங்களில் உற்சாகத்தோடு இதைச் செய்தேன். மலையடிவாரத்துக் கோரிமேட்டிலிருந்து ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் பேருந்தில் பேனாவைப் பிடிக்கவே முடியாது என்பதால், திருத்தம் முழுவதும் இரவுச் சமையலுக்குப் பிறகுதான். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் சேர்ந்துகொண்டன. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை. மலைப்பனியில் ஈரம் ஏறிய தாளில் சிவப்பு மை ஊறிப் பின்பக்கம் வரை தெரிந்தது. மாலையில் மின்சாரம் போனால் அன்றைய கட்டு அப்படியே மறுநாள் மலைமேல் பள்ளிக்கே திரும்பியது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்தபோது 34 கட்டுரை ஏடுகள் 3 வாரங்களாக என் அலமாரியில் இருந்தன. "டீச்சர், என் நோட்டு எப்போ வரும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஏடு என்னிடம் இருந்த அத்தனை நாளும் அவள் உதிரித் தாள்களில் எழுதி, அவற்றைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தாள். அந்தத் தாள்களைப் பார்த்த நாளில்தான் வழியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மலைப் பள்ளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம்; அதையடுத்து மிளகு. பெற்றோர் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவதால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். நாலு நாள் வராத பிள்ளையின் ஏட்டை வீட்டில் வைத்துத் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளி என் கண்ணில் படாமலே போனது. இப்போது கைக்கு அடக்கமான ஒரு குறிப்பேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அருகில் அமர்த்தும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டு ஒரே ஒரு வரி எழுதுவேன். தேதி விட்டுப்போயிருக்கும் பக்கத்துக்குரிய பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் அன்று, முதல் முறை அந்தப் பிள்ளைக்குத்தான்.

நடைமுறை இதுதான். நாளுக்கு 7 பிள்ளைகள், ஆளுக்கு 3 நிமிடம், ஆக 21 நிமிடம். 5 நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் அந்நேரத்தில் இருவர் இருவராக அமர்ந்து பாடப்பகுதியை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, கரும்பலகையில் எழுதிய 2 வினாக்களுக்கு விடை எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இந்த வாரம் லகர ளகர ழகரம், அடுத்த வாரம் ரகர றகரம், அதற்கடுத்து ஒற்று மிகும் இடம். பிழையை நான் திருத்தி எழுதுவதில்லை. அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன், பிள்ளையே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தும். 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்ற பிள்ளைகள் இப்போது நடுநிலை வகுப்புகளுக்கு வருகிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்வது அவர்களுக்குப் பழகியதுதான்.

இந்த 3 நிமிடத்தில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒரு ஏட்டைச் சொல்கிறேன். ஒரு மாணவன் "நேற்று மலை பெய்தது" என்று எழுதியிருந்தான். வீட்டு வழியைப் பின்பற்றிய காலத்தில் அப்படியொரு சொல்லை வட்டமிட்டு "மழை" என்று மேலே எழுதியிருப்பேன், 5 முறை எழுதி வரச் சொல்லியிருப்பேன், அடுத்த மாதம் அதே வட்டத்தை மறுபடியும் போட்டிருப்பேன். அன்று அவனை வாசிக்கச் சொன்னேன். மலை, மழை இரண்டையும் ஒரே ஒலியில் வாசித்தான். அவன் காதில் இரண்டும் ஒரே சொல்லாக இருந்தபோது கையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாக்கின் நுனியைப் பின்னே வளைத்து மேலண்ணத்தை வருடிக் காட்டினேன். அவன் என் வாயைப் பார்த்து நாலைந்து முறை முயன்றான். சன்னலுக்கு வெளியே மலையும் இருந்தது, மழையும் இருந்தது. இரண்டையும் கைகாட்டிச் சொல்ல வைத்தேன். தை மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாக எழுதத் தொடங்கிவிட்டான், வேகமாக எழுதும்போது மட்டும் இன்னும் சறுக்குகிறான்.

ஒருவர் ஏட்டை மற்றவர் திருத்தும் முறையும் இருக்கிறது. சொல்வதை எழுதுதலுக்கு அது போதும். அதற்கு மேல் நான் அதை நம்பியதில்லை.

வீட்டு வழிக்கு உரிய பெருமையை மறைக்கக் கூடாது. ஒரு பிள்ளை 2 பக்கத்துக்குக் கட்டுரை எழுதினால், அதன் ஓட்டத்தையும் அது சொல்ல நினைத்ததையும் இரைச்சலுக்கு நடுவே 3 நிமிடத்தில் பிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் முன் ஒரு முறை கட்டுரை ஏடுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன், அதுவும் வெள்ளி மாலையில் எடுத்துத் திங்கள் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 10ஆம் வகுப்புக்கு நான் பாடம் நடத்தியதில்லை. பொதுத்தேர்வின் நெடுவினாக்களுக்கு முழு வாசிப்பு தேவைப்படலாம். சேலம் நகரத்துப் பெரிய பள்ளிகளில் 5 பிரிவுகளுக்கும் ஒரே பாடத்தை எடுக்கும் ஆசிரியருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. கணிதத்துக்கும் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

தொடங்க நினைப்பவர்கள் முதல் 2 வாரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் முதல் வாரம் இரைச்சல் பக்கத்து அறை வரை போனது. நாளுக்கு 7 பேர் என்று நினைத்த இடத்தில் 4 பேரைத்தான் பார்க்க முடிந்தது. மூன்றாம் வாரத்தில் அடுத்து யார் முறை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. நான் அழைக்கும் முன்பே ஏட்டின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பல பிரிவுகள் உள்ளவர்கள் ஒரே ஒரு பிரிவில் மட்டும் இதைத் தொடங்கி, காலாண்டுத் தேர்வு வரை நடத்திப் பார்த்துவிட்டு மற்றப் பிரிவுகளைப் பற்றி முடிவு செய்யலாம்.