‘அக்காவைப் பார்க்கப் போறன் எண்டு சொல்லுங்கோ’ என்று முகவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்

2022 செப்டெம்பர் நடுப்பகுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில், எங்கே போகிறீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம், சார்ஜாவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். எனக்கு அக்கா இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லித் தந்தவர், வெளிநாட்டு வேலைக்கென்று என்னிடம் ஆறரை இலட்சம் ரூபா வாங்கியிருந்த முகவர். ஆனால் அதைச் சொன்ன வாய் என்னுடையது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை இன்றுவரை மீட்க முடியாமல் இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம் என்பதை மிகவும் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். இதே வழியில் போக ஆயத்தமாக இருப்பவர்கள் இப்போதும் என்னிடம் வந்து ஆலோசனை கேட்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சாவகச்சேரிப் பக்கத்தில் அலுமினியப் பொருத்து வேலை செய்பவன். யன்னல், கதவு, கடைகளுக்கான தடுப்பு, சமையலறை அலுமாரி என்று ஆண்டு முழுவதும் ஓரளவு வேலை இருந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தபோது எங்களுக்கு அது புதினமாக இருக்கவில்லை. அதற்கு முன்பே கேட்ட பொருள் கடைக்கு வராமல் போயிருந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியது. ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியதும், வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் யன்னல் இடத்தில் தகரத்தை வைத்து அடைத்துவிட்டு வேலையை நிறுத்தினார்கள். மாதத்தில் பத்து நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம் என்ற நிலையில், அந்தப் பத்து நாளிலும் மூன்று நாள் பெட்ரோல் வரிசையில் கழிந்தது. ஊரில் யாரைக் கண்டாலும் ‘கடவுச்சீட்டு எடுத்தாச்சா’ என்பதே முதற் கேள்வியாக இருந்த காலம் அது. நானும் வவுனியா அலுவலக வாசலில் இரண்டு இரவு படுத்துத்தான் எடுத்தேன்.

முகவரின் அலுவலகம் யாழ்ப்பாண நகரில் இருந்தது. குளிரூட்டி, கண்ணாடி மேசை, சுவரில் சட்டமிட்ட உரிமப் பத்திரம். அந்தப் பத்திரம் கொழும்பில் உள்ள வேறொரு நிறுவனத்துடையது என்பதும், அதுவும் நிழற்பிரதி என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பலகை, சட்டம் என்று அளந்து பிழைக்கிற எனக்கு, அந்தச் சட்டத்துக்குள் இருந்ததை வாசிக்கத் தோன்றவில்லை. டுபாயில் அலுமினிய வேலை, மாதம் 3,000 திர்ஹம், தங்குமிடம் இலவசம் என்றார். அன்றைய கணக்கில் அது மூன்று இலட்சம் ரூபா. முதலில் சுற்றுலா விசாவில் போக வேண்டும், போன இரண்டு கிழமையில் நிறுவனமே வேலை விசாவாக மாற்றிக் கொடுக்கும், எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்றார். அரசாங்கத்தின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டாமா என்று கேட்டேன். “அது வீட்டு வேலைக்குப் போற பொம்பிளையளுக்குத் தம்பி. எயாப்போட்டில கேட்டால் அக்காவைப் பார்க்கப் போறன் எண்டு சொல்லுங்கோ, காணும்,” என்றார்.

நான் கேள்வி கேட்டேன், பதிலும் பெற்றேன், அந்தப் பதில் பிழை என்று உள்ளுக்குள் தெரிந்தும் இருந்தது. ஆகவே ஏதும் அறியாத அப்பாவியாக ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனைவியின் ஒன்பது பவுண் நகையை வங்கியில் அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்ததால், அடகு வட்டியும் நாங்கள் முன்பு அறிந்திராத உயரத்தில் நின்றது. முகவர் பற்றுச்சீட்டு தந்தார். அதில் ‘பயண ஆலோசனையும் விமானச் சீட்டும்’ என்று எழுதியிருந்தது. வேலை என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

டுபாயை அடுத்துள்ள சார்ஜாவில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் ஓர் அறை. கட்டில் வாடகை நாங்களே கட்ட வேண்டும். சொன்ன நிறுவனம் இருந்தது, ஆனால் எங்களைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. சுற்றுலா விசாவில் இருப்பவரை வேலைக்கு வைப்பது அங்கே குற்றம் என்பதால், ஒழுங்கான பட்டறைகள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் திருப்பி அனுப்பின. ஒழுங்கில்லாதவை நாட்கூலிக்கு எடுத்துவிட்டு, கேட்டபோது பாதியைத் தந்தன. பொலிசுக்குப் போக முடியாது, ஏனென்றால் வேலை செய்தது நாங்கள். 30 நாள் விசாவை ஒரு தடவை நீடித்தேன். அதுவும் முடிந்த பிறகு தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டம். நவம்பரில், கனடா போவதாக நம்பி ஏறிய 303 பேருடன் நடுக்கடலில் தத்தளித்த படகையும், அவர்கள் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டதையும் அறையில் இருந்த ஒருவர் கைபேசியில் வாசித்துக் காட்டினார். நாங்கள் அவ்வளவு மோசமில்லை என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. 22 நாள் தண்டத்தை மைத்துனர் உண்டியல் என்ற வங்கிசாராப் பணமாற்று வழியில் அனுப்பிய பணத்தில் கட்டிவிட்டு டிசெம்பரில் திரும்பினேன்.

அந்த ஆண்டில் பணியகத்தில் பதிந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். நான் அந்தக் கணக்கில் இல்லை. முறைப்பாடு கொடுக்கப் போனபோதுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பதிந்து போனவருக்கு ஒப்பந்தம் உண்டு, காப்புறுதி உண்டு, பொறுப்புக் கூற வேண்டிய உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் ஆட்சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம்தான். ஆனால் வேலைக்கென்று பணம் வாங்கினார் என்பதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பற்றுச்சீட்டு ஆலோசனை என்கிறது, விசா சுற்றுலா என்கிறது, விமான நிலையத்தில் நான் அக்கா என்றிருக்கிறேன். மூன்றும் முகவரின் பக்கத்துச் சாட்சிகள். என் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டு எழுதிய அதிகாரி, இதே போன்ற பற்றுச்சீட்டுகள் வேறும் வந்திருப்பதாகச் சொன்னார். அழுத்தம் வந்த பிறகு முகவர் ஒன்றரை இலட்சம் தந்தார்; மீதிக்குத் தந்த இரண்டு காசோலைகளும் வங்கியிலிருந்து திரும்பின. அலுவலகம் இப்போது அந்த இடத்தில் இல்லை.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பழகிய ஒருவர், கை வேலைக்குத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து, பதிந்து, ஒப்பந்தத்தோடு கட்டார் போய் ஒழுங்காகச் சம்பளம் அனுப்புகிறார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் மறுபடி வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டி மதிப்பீட்டின் மூலம் அந்தச் சான்றிதழைப் பெறலாம். எனக்கு அதுகூட அப்போது தெரியாது. இன்னொருவர் ஊரை விட்டு அசையவில்லை. பெட்ரோல் இல்லாத மாதங்களில் தாழ்வாரத்தில் சைக்கிள் திருத்தத் தொடங்கினார். கொட்டிலில் கிடந்த துருப்பிடித்த சைக்கிள்கள் எல்லாம் அவரிடம்தான் வந்தன. அது பெரிய வருமானம் என்று பொய் சொல்லமாட்டேன், பல நாள் கடன் சொல்லி அரிசி வாங்கியவர்தான். ஆனால் டிசெம்பரில் நான் திரும்பியபோது அவருக்கு அடகுச் சீட்டு இல்லை. ஆறரை இலட்சத்துக்கு எனக்குச் சொந்தமாக ஒரு வெட்டும் இயந்திரமும் முதல் சரக்கும் வாங்கியிருக்கலாம் என்று மனைவி ஒரு தடவைதான் சொன்னார். யன்னல் வைப்பதற்கே ஆளில்லாத அந்த ஆண்டில் இயந்திரம் சும்மா கிடந்திருக்கும் என்று நான் பதில் சொன்னேன். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

இப்போது பணம் கொடுக்கப் போகிறவர்கள், முகவரின் உரிம இலக்கத்தையும் அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்; பணியகத்தின் இணையத்தளத்திலும் உரிமம் உள்ளவர்களின் பெயர்கள் உண்டு. சுவரில் தொங்குவதை நம்ப வேண்டாம். பற்றுச்சீட்டில் எந்த நாடு, எந்த வேலை, என்ன சம்பளம் என்று எழுதித் தர மறுத்தால் பணத்தை மேசையில் வைக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், சுற்றுலா விசா கைக்கு வந்த அன்றே, விமானம் ஏறுவதற்கு முன், அந்த விசாவையும் முகவர் அனுப்பிய குரற்பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு முறைப்பாட்டுக்குப் போங்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் இன்னும் யாரிடமும் பொய் சொல்லியிருக்கமாட்டீர்கள்.