அம்மாவின் வயிறு: சனலா, கிளினிக்கா?

சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் அம்மாவுக்கு வயிறு ஊதிவிடும், ஏவறை நிற்காது. "செமிக்கேல்லைப் பிள்ளை" என்றபடி சாய்மனைக் கதிரையில் சரிந்துவிடுவார். ஆறு மாதம் இதே கதையாக இருந்தது.

முதலில் எல்லோரையும்போல பாமசியில் ஒமெப்ரசோல், வயிற்று அமிலத்தைக் குறைக்கிற குளிசை. அதைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போடவேண்டும் என்று தெரியாமல், சாப்பிட்டபிறகு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஓமத்தண்ணியும் நடந்தது. கைதடியில் சித்த வைத்தியம் பார்க்கச் சொன்னார்கள். போகவில்லை, ஆகவே அதில் நான் வாய் திறக்கக்கூடாது.

மிச்சம் இரண்டு வழி. தனியாரில் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்தால், பின்னேரம் போய்ப் பின்னேரமே திரும்பலாம். அரச கிளினிக்குக்கு விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் தாண்டித்தான் வீடு. சனலுக்குக் காசு, கிளினிக் இலவசம், அது தெரிந்ததே.

இருந்தும் நான் கிளினிக் பக்கம். காரணம் கிளினிக்கில் நோயும் மருந்தும் எழுதிவைக்கிற அந்தக் கொப்பி. சனலில் அம்மாவுக்குச் சீனி வருத்தத்துக்கு ஒரு டொக்டர், முழங்காலுக்கு ஒருவர், வயிற்றுக்கு இன்னொருவர். மூன்று மருந்துத் துண்டு, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கிளினிக்கில் முதல் நாளே, "பாவிக்கிற மருந்து எல்லாத்தையும் கொண்டுவாங்கோ" என்றார்கள். அடுத்தமுறை அம்மாவின் பிஸ்கட் தகரத்தை அப்படியே மேசையில் கவிழ்த்தோம். சீனி வருத்தத்துக்கான மெட்போமின், ஒமெப்ரசோல், நடுவில் பாதி வெட்டிய டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசை அட்டை. முழங்கால் குத்தும்போது துண்டில்லாமல் தானே வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். எனக்கே தெரியாது. வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய குளிசை அது. மெட்போமினும் சிலருக்கு வயிற்றைக் குழப்பும், சாப்பாட்டோடு போடவேண்டியது. டைக்ளோபெனாக்கை நிறுத்தி, மெட்போமினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதி, குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற எண்டோஸ்கொப்பிக்கும் திகதி போட்டார்கள்.

சரி, நியாயமாகச் சொன்னால், தகரத்தைச் சனலுக்குக் கொண்டுபோயிருந்தால் அங்கேயும் பிடிபட்டிருக்கலாம். நாங்கள் கொண்டுபோகவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இன்னொன்று: மலம் கறுப்பாகப் போனால், விழுங்கக் கஷ்டமானால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, கிட்ட இருக்கிற டொக்டரிடம் உடனே ஓடவேண்டும்.

மருந்து மாற்றி இப்போது இரண்டு மாதம். இரவில் புட்டை விட்டு, ஏழு மணிக்கே இடியப்பமும் சொதியும். ஏவறை நன்றாகக் குறைந்திருக்கிறது. குளிசை நின்றதாலா, நேரத்தோடு சாப்பிடுவதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எண்டோஸ்கொப்பி அடுத்த மாதம். அம்மாவோ ஒடியல் கூழ் எப்ப காய்ச்சலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.