கம்பெனி சர்வீஸா, நம்ம பட்டறையா? ஒரு கடலூர் காரின் கணக்கு

ஐப்பசி மழையில் நாலு நாள் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலிலேயே நின்ற காரை எடுக்கப் போனேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் பின்சக்கரம் நகரவில்லை. ரிவர்ஸில் லேசாக உந்தியதும் 'டக்'கென்று விட்டது. கடற்கரை ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம்: ஈரத்தில் துருப்பிடித்த டிரம்மும் பிரேக் லைனிங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் காரை மூன்று வாரத்துக்கு முன்புதான் சர்வீஸுக்கு விட்டு எடுத்திருந்தேன். பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏசி கிருமிநீக்கம் இருந்தது, டேஷ்போர்டு பாலிஷ் இருந்தது, இன்ஜினுக்கு மேல் அடிக்கும் பளபளப்பு ஸ்பிரே கூட இருந்தது. பின் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ததாக ஒரு வரி இல்லை.

அன்றிலிருந்துதான் ஒவ்வொரு வேலையையும் யாரிடம் கொடுப்பது என்று தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். என்னுடையது ஏழு வருடப் பெட்ரோல் கார், டிஎன் 31 பதிவு. வாரம் மூன்று நாள் ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் பாண்டிக்குப் போய் வருகிறது. கம்பெனி சர்வீஸ், பாண்டியில் எல்லா மாடலையும் பார்க்கும் மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப், திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த அண்ணனின் பட்டறை என்று மூன்றிலும் பணம் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு தப்புக் கணக்கை ஒதுக்கிவிடலாம். பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் சர்வீஸும் மலிவாக இருக்கும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அந்தந்த அரசின் வாட் வரிதான் விலையை ஏற்றி இறக்குகிறது. உதிரிபாகத்துக்கும் லேபருக்கும் இரு பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதுவும் இரண்டு ஊருக்கும் பொது. வித்தியாசம் வருவது லேபரிலும், கேட்காமலே சேர்க்கும் வேலைகளிலும்தான்.

வாரன்டி இருக்கும்வரை

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: கம்பெனிக்கே விடுங்கள். வெளியில் சர்வீஸ் செய்தாலே மொத்த வாரன்டியும் போய்விடும் என்று கவுன்டரில் பயமுறுத்துவது அவ்வளவு சரியான பேச்சு இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்ததையே காரணமாக்கி வாரன்டியை அப்படியே ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஆனால் கியர்பாக்ஸில் கோளாறு வந்து நிற்கும் நாளில் ஆணைய உத்தரவைக் காட்டி வாதாடுவதைவிட, வரிசையாக முத்திரை விழுந்த சர்வீஸ் புத்தகத்தை நீட்டுவது சுலபம். அந்தப் புத்தகம் காரை விற்கும்போதும் பேசும்.

வாரன்டி முடிந்த பிறகும் இரண்டு விஷயத்துக்குக் கம்பெனிக்குத்தான் போகிறேன். ஒன்று ரீகால், அதாவது தயாரிப்பிலேயே வந்த குறையைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது. உங்கள் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பாக்கி இருந்தால் தெரிந்துவிடும், அந்த வேலையை இலவசமாகச் செய்து தருவார்கள். இன்னொன்று ஏர்பேக், ஏபிஎஸ், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் மாதிரியான சமாச்சாரங்கள். பட்டறையில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் கோளாறு எண்ணைப் படித்துவிடும், அழித்தும் விடும். விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆயில் மாற்றம்

இங்கேதான் மூன்று இடமும் நன்றாகப் பிரிகிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் மட்டும் ஓடும் காருக்கு ஒரு வருடத்தில் 4,000 கூட ஆகாது. அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. குட்டிக் குட்டி ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்குகிறது.

கம்பெனியில் சரியான கிரேடு ஆயில் ஊற்றுவார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. பட்டறையில் கவனம் வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கா ஊத்துனாதான் சார் இன்ஜின் தாங்கும்" என்று சொல்லி பேரலிலிருந்து 20டபிள்யூ-40 ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய டீசல் வண்டிகளில் கற்ற பாடம் அது. இப்போதைய சின்னப் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்குக் கையேடு சொல்வது 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30. அந்த இன்ஜினில் ஆயில் போகும் வழிகள் குறுகல். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சூடான நிலையில் 40 கிரேடு, 20 கிரேடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. முன்னால் நிற்கும் 20டபிள்யூ குளிர்ந்த நிலைக்கான அளவு, அதிலும் இது கெட்டிதான். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தேவையான இடத்துக்கு அது தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

என் வழி இதுதான்: கையேட்டில் உள்ள கிரேடில் சீல் உடைக்காத கேனும், கம்பெனி பெட்டியில் வரும் ஆயில் ஃபில்டரும், டிரெயின் போல்ட் வாஷரும் நானே வாங்கிக்கொண்டு அண்ணன் பட்டறைக்குப் போகிறேன். போலி ஃபில்டரில் பல நேரம் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று கேட்கும். அண்ணன் என் எதிரில்தான் ஊற்றுவார், டிப்ஸ்டிக்கைத் துடைத்து என் கையிலேயே தருவார். கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து காபி கொடுக்கும் இடத்தில் இது கிடைக்காது. கடைசியாகப் பார்த்தபோது, இதே வேலைக்குக் கம்பெனியில் ஆன செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. மல்டி பிராண்ட் இடம் நடுவில் நின்றது. அங்கே நல்ல லிஃப்ட் உண்டு, வேலை சுத்தம். ஆனால் பேக்கேஜ் என்ற பெயரில் இன்ஜின் ஃபிளஷும் (பழைய ஆயில் கசடைக் கழுவுவது) டீகார்பனைசிங்கும் (உள்ளே படிந்த கரியை நீக்குவது) தலையில் கட்டினார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய, இழுவை குறையாத இன்ஜினுக்கு இரண்டும் வேண்டாம்.

உப்பு

சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இது வராது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து அடிக்கும் காற்று காரின் அடிப்பகுதியைத்தான் முதலில் தின்கிறது: சைலன்ஸர் இணைப்பு, ஹேண்ட் பிரேக் கேபிள், பேட்டரி டெர்மினல், கதவின் அடிமடிப்பு.

அதனால் வாட்டர் வாஷ் எங்கே செய்கிறோம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அந்தத் தண்ணீரை அடியில் பீய்ச்சி அடித்தால் பணம் கொடுத்து உப்பு பூசிக்கொள்கிறோம். கண்டுபிடிப்பது சுலபம்: கழுவிக் காய்ந்த கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் திட்டுத் திட்டாக நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கம்பெனி, பட்டறை என்ற பேதமே இதில் இல்லை, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். நான் சர்வீஸை ஓரிடத்திலும் வாஷை நல்ல தண்ணீர் உள்ள வேறோர் இடத்திலும் செய்கிறேன். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் விஷயத்திலும் அதே பயம். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றும் கை எங்கே இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

பின் டிரம்மைக் கழற்றி, துருவைத் தேய்த்து, தூசி ஊதி, கேபிளுக்கு கிரீஸ் வைப்பது அண்ணனுக்கு ஒரு மணி நேர வேலை. வருடம் ஒருமுறை, புரட்டாசியில் செய்துவிடுகிறேன். கம்பெனியில் கேட்டாலும் செய்வார்கள், ஆனால் நாமே கேட்டு ஜாப் கார்டில், அதாவது காரை விடும்போது போடும் வேலைப் பட்டியலில், எழுதவைக்க வேண்டும். எழுதாத வேலை அங்கே நடக்காது.

பிரேக் ஆயிலில் மட்டும் கம்பெனி பக்கம் சாய்கிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு வந்துவிடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்ற வேண்டும். பட்டறையில் பாதி காலியான, மூடி திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டுக்கும் டயர் கடைதான். சஸ்பென்ஷன் சத்தத்துக்கு அண்ணனை மிஞ்ச ஆளில்லை. கம்பெனியில் 'லோயர் ஆர்ம் முழு செட்' என்று எஸ்டிமேட் போட்ட காரை அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "லிங்க் ராடு மட்டும்தான் சார்" என்றார். மாற்றியதும் சத்தம் நின்றது.

வெள்ளம் புகுந்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் பக்கமும் மூழ்கியது. தண்ணீர் கதவு வரை ஏறிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, கட்டி இழுத்து நேராகக் கம்பெனிக்கே அனுப்புங்கள். அண்ணனே அன்றைக்கு அதைத்தான் சொன்னார். தன்னிடம் வந்த இரண்டு கார்களை அவர் தொடவில்லை, இன்சூரன்ஸ் சர்வே முடியாமல் கழற்றினால் கிளைம் சிக்கலாகும் என்று திருப்பி அனுப்பினார்.

என் காருக்கு அடுத்த சர்வீஸ் புரட்டாசி இரண்டாம் வாரம். ஆயில், டிரம், பேட்டரி டெர்மினல், வைப்பர் பிளேடு எல்லாம் பட்டறையில். பிரேக் ஆயிலுக்கு இரண்டு வருடம் முடிகிறது, அதற்கு மட்டும் பாண்டியில் கம்பெனிக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ஜாப் கார்டில் அந்த ஒரு வரியைத் தவிர வேறெதையும் எழுதவிடப் போவதில்லை.