பல் பிரிட்ஜ் போடப் போகிறீர்களா? எங்களுக்கு 27,000 ரூபாய் போச்சு

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் எடுத்த இடத்தில், பக்கத்துப் பல் இரண்டையும் ராவி, அவற்றின் மேல் கேப் மாதிரி மாட்டி ஒட்டும் சிர்கோனியா (உறுதியான பீங்கான் வகை) பிரிட்ஜ் போட்டோம். 27,000 ரூபாய். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, சாம்பார் சாதம் சாப்பிடும்போது கழன்று தட்டில் விழுந்துவிட்டது. முறுக்கு இல்லை, சீடை இல்லை, சாம்பார் சாதம்!

எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த, ஏசியும் டிவியுமாக இருக்கும் பல் கிளினிக் அது. நாங்கள் தயங்குவதைப் பார்த்ததும் டாக்டர் ஒரு வாரண்டி கார்டை எடுத்து, அம்மா பெயரை எழுதி, 10 வருஷம் என்று போட்டு, "அம்மா, இனி இந்தப் பல்லைப் பத்தி நீங்க கவலையே படக்கூடாது" என்று கையில் கொடுத்தார். அம்மா முகத்தில் அவ்வளவு நிம்மதி. அங்கேயே முழுப் பணத்தையும் கட்டினேன்.

ஒட்டிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். பிரிட்ஜ் தயாராகும்வரை போட்டிருந்த தற்காலிகக் கேப்பைக் கழற்றினார், தண்ணீர் அடித்தார், காற்று ஊதினார், சிமெண்டைத் தடவி வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டார். பஞ்சு வைக்கவில்லை, எச்சில் உறிஞ்சும் குழாய் வாயோரம் சும்மா தொங்கியது, நடுவில் போன் வேறு.

கழன்ற பிரிட்ஜை வேறொரு டாக்டரிடம் காட்டினோம். உள்ளே சிமெண்ட் அப்படியே இருந்தது, பல்லில் ஒட்டின தடமே இல்லை. "கேப் பக்கம் பிடிச்சிருக்கு, பல் பக்கம் பிடிக்கல" என்றவர், பல் ஓரத்தைச் சுரண்டி வெள்ளையாக ஒரு துணுக்கை எடுத்து முகரச் சொன்னார். கிராம்பு வாசனை! தற்காலிகக் கேப்பை ஒட்டிய பசையின் மிச்சம். அதில் இருக்கும் கிராம்பு எண்ணெய்ச் சத்து, பிரிட்ஜை நிரந்தரமாக ஒட்டும் ரெசின் சிமெண்டைச் சரியாக இறுகவிடாதாம். பியூமிஸ் என்ற நுரைக்கல் பொடியும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டுமாம். எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும், பல்லை ஒரேயடியாக வறண்டுபோகக் காயவிட்டாலும் கெடுதல். சில நிமிட வேலைதானே, அதைச் செய்ய அந்த முதல் டாக்டருக்கு என்ன கேடு?

கிளினிக்கில் கேட்டால் முதலில் "டாக்டர் லீவு சார்". அப்புறம் "அம்மா கடினமா எதையாவது கடிச்சிருப்பாங்க". கடைசியில் கார்டைக் காட்டினால், "வாரண்டி பிரிட்ஜ் உடைஞ்சாத்தான் சார், கழன்றதுக்கு இல்ல". பிறகு போனையே எடுப்பதில்லை. இப்படி இழுத்தடித்ததில் அம்மாவின் பல் நகர்ந்து, அந்த பிரிட்ஜ் இப்போது பொருந்தவே இல்லை. 27,000 ரூபாயும் தண்ணீரில் போட்டது போலத்தான், இனி புதிதாக அளவெடுக்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் முடிகிறது. ஒட்டுவதற்கு முன் பழைய பசையை எடுத்தாச்சா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பஞ்சு வைக்காமல் ஒட்டவிடாதீர்கள். சிர்கோனியா என்றால் கேப்பின் உள்பக்கத்தை மணல் ஊதிச் சொரசொரப்பாக்கினார்களா என்றும் கேளுங்கள். ஒட்டி முடிக்கும் முன் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். கழன்றால் பிரிட்ஜைக் கழுவாமல் போட்டோ எடுத்து வையுங்கள், பில் பத்திரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டிய பணத்துக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. நான் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.