எச்டி12இ ரிமோட்: புது பேட்டரியில் ஒன்று, பழைய பேட்டரியில் வேறொன்று

மாடித் தொட்டி மோட்டாருக்கு ரிமோட் செய்யப் போகிறேன், பட்டனை அழுத்தியதைக் குறியீடாக்கி அனுப்பும் என்கோடர் சிப்பான எச்டி12இ போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். போன வாரம்தான் என்னுடையதைப் பிரித்துச் சரிசெய்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் மலிவு ரிசீவரில் சிக்னல் இல்லாத நேரத்திலும் இரைச்சல் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும் இத்தனை காலத்தில் மோட்டார் தானாக ஓடியதே இல்லை. ரிசீவர் பக்கம் குறியீட்டைப் படிக்கும் டிகோடரான எச்டி12டி, வரும் முகவரியை, அதாவது எந்த ரிமோட் என்று காட்டும் எண்ணை, தொடர்ந்து மூன்று தடவை ஒப்பிட்டு, மூன்றும் பொருந்தினால்தான் அவுட்புட்டை மாற்றும். மாற்றியதை லாட்ச் செய்து வைத்துக்கொள்ளும். பட்டனை விட்டாலும் ரிலே விழாது. டிகோடரின் 17ஆம் காலில், அதாவது விடி (VT) என்ற காலில், ஒரு எல்இடி போட்டுவிடுங்கள். சரியான சிக்னல் வந்தால் மட்டும் எரியும். பாதிக் கோளாறுகளை அந்த விளக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

என் கோபமெல்லாம் என்கோடரின் 15, 16 கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ரெசிஸ்டர் மேல்தான். வேகத்தை நிலையாக வைக்கும் கிரிஸ்டல் கிடையாது, அந்த ரெசிஸ்டர்தான் கடிகாரம். டிகோடரின் ஆசிலேட்டர், அதாவது அதன் கடிகாரம், இதைவிடச் சுமார் 50 மடங்கு வேகமாக ஓட வேண்டும். இரண்டு பக்கமும் 5 வோல்ட் என்றால் இங்கே 1 மெகாஓம், அங்கே 51 கிலோஓம். 3 கிலோஹெர்ட்ஸும் 150 கிலோஹெர்ட்ஸுமாகப் பொருந்திவிடும். ஆனால் ரிமோட்டில் இருப்பது 9 வோல்ட் பேட்டரி! வோல்டேஜ் கூடினால் என்கோடரின் வேகமும் கூடும், இறங்கினால் குறையும். ரிசீவரோ வோல்டேஜை நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டர் புண்ணியத்தில் 5 வோல்ட்டிலேயே நிற்கும். புது பேட்டரிக்குப் பொருந்த ரெசிஸ்டரை மாற்றினால், பேட்டரி தேயத் தேய விலகிப் போகும். பட்டனை நான்கு தடவை அழுத்தினால் ஒரு தடவை வேலை செய்யும். எல்லோரும் ஆன்டெனாவைத்தான் சந்தேகப்படுவார்கள், 17 செ.மீ. கம்பியை வெட்டி ஒட்டியே நாள் போய்விடும்.

டேட்டாஷீட்டில் இதற்கான வரைபடம் இருக்கிறது, அதனால் சிப்பைக் குறை சொல்ல முடியாது. கிட்டோடு வரும் சர்க்யூட் படத்தில் 9 வோல்ட்டையும் 1 மெகாஓமையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் விடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. படிக்கிற பிள்ளைகள் அதை நம்பித்தான் புராஜெக்ட் செய்கிறார்கள்.

இப்போது என்கோடருக்கு மட்டும் எச்டி7550 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும், பேட்டரியைத் தின்னாது. அதன்பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். எட்டு முகவரிக் கால்களில் கிடைப்பது 256 குறியீடுகள்தான். மோட்டாருக்கு இவி1527 என்கோடர் சிப் போதும். 20 பிட் குறியீடு சிப்பிலேயே எழுதி வரும். கற்றுக்கொள்ளும் ரிசீவர் துடிப்பின் நீளத்தை அளந்து படிப்பதால் இந்த ரெசிஸ்டர் தலைவலியும் இல்லை. வாசல் கேட்டுக்கு என்றால், குறியீடு மாறாத அதுவும் கூடாது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டை மாற்றும் எச்சிஎஸ்301 வகைதான். எச்டி12இ ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், ரெகுலேட்டர் வைக்காமல் ரிமோட் பெட்டியை மூடாதீர்கள்.