"1839 அசல்" ஆல்கன் வேட்டைப் படங்கள்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரிட்டனில் பழைய குதிரைப் படம், நரி வேட்டைப் படம் என்று தேடி வாங்குகிறவர்கள் நம்மவர்களிலும் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. 740 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய நாலு படங்களும் போலி. கடைக்காரர் பணத்தைத் தர மறுத்துவிட்டார், கடைசியில் கிரெடிட் கார்டு நிறுவனத்தின் மூலமாகத்தான் வந்தது, அதற்கு ஆன செலவு என் தலையில். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் அவர் வேலை செய்கிற விதத்தை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் அவர் ஒருவர் மட்டும் இப்படி இருக்க வாய்ப்பில்லை.

வாங்கியது "நாக்டன் இரவுச் சவாரி" என்று சொல்வார்களே, அந்த நாலு பட வரிசை. ஆங்கில ஓவியர் ஹென்றி ஆல்கன் வரைந்தது, ஜே. ஹாரிஸ் தகட்டில் செதுக்கியது, அக்கர்மன் 1839ல் லண்டனில் வெளியிட்டது. இப்ஸ்விச் முகாமில் இருந்த குதிரைப்படை அதிகாரிகள் நிலா வெளிச்சத்தில், சீருடைக்கு மேல் இரவுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் இரவுக் குல்லாயோடு, வேலி, வாய்க்கால் எதையும் பார்க்காமல் நாக்டன் தேவாலயம் வரை குதிரையை விரட்டினார்கள் என்பது கதை. பதிவில் உள்ள முதல் ஸ்டீப்பிள்சேஸ் (வேலி, வாய்க்கால் தாண்டி ஓடுகிற குதிரைப் பந்தயம்) இதுதான் என்று படத்தின் தலைப்பே பீற்றிக்கொள்ளும். அயர்லாந்தில் 1752ல் பட்டிவன்ட்டிலிருந்து டோனரெய்ல் வரை ஓடிய ஓட்டத்தைத்தான் பொதுவாக முதலாவதாகச் சொல்வார்கள், அதனால் தலைப்பிலேயே கொஞ்சம் ரீல் இருக்கிறது. இருந்தாலும் படம் அருமையான படம். அந்த நிலா, அந்தக் குல்லாய்கள், விழுந்து புரளுகிற குதிரைகள். நரி வேட்டையை நான் ஆதரிக்கிறவன் இல்லை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியைத் துரத்துவது 2005 பிப்ரவரியிலிருந்து சட்டப்படி தடை, நல்லதுதான். ஆனால் ஆல்கனின் குதிரைகளுக்கும் அவருடைய குறும்புக்கும் மயங்காமல் இருக்க முடியாது.

இந்த வரிசையில்தான் போலியும் அதிகம். நூறு வருடத்துக்கும் மேலாக இதை நகல் எடுத்து அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பப் சுவர், ஹோட்டல் வராந்தா, டேபிள் மேட் வரை. நகலை நகல் என்று சொல்லி விற்றால் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இந்தக் கடையின் விளம்பரத்தில் இருந்தது வேறு: 1839 முதல் பதிப்பு, கையால் வண்ணம் தீட்டிய அசல் அக்வாடின்ட் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் முறை), லெஸ்டர்ஷயரில் ஒரு வேட்டைக் குடும்பத்து மாளிகையைக் காலி செய்தபோது வந்தது, அசல் ஃப்ரேம், உடன் சான்றிதழ். லெஸ்டர்ஷயர் என்ற பெயரை அங்கே சும்மா போடவில்லை. மெல்டன் மோப்ரே நகரத்தைச் சுற்றி, குவார்ன், பீவர் (Belvoir), காட்டஸ்மோர் என்று பெயர் பெற்ற வேட்டைக் கூட்டங்களின் ஊர் அது, ஜான் ஃபெர்ன்லி போன்ற ஓவியர்கள் அங்கேயே குடியிருந்து பணக்காரர்களின் குதிரைகளை வரைந்து பிழைத்தார்கள். இதை வாசிக்கிற எவனுக்கும் உடனே நம்பிக்கை வந்துவிடும்.

ஃப்ரேமுக்கு வெளியே எடுத்த போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பின்னால் உள்ள பழைய காகித ஒட்டைப் பிரித்தால் மதிப்பு போய்விடும், வாங்கினாலும் நீங்களும் பிரிக்காதீர்கள் என்று மிகவும் மரியாதையாக ஒரு பதில் வந்தது. எந்தக் கடைக்காரரானாலும் இந்த வார்த்தையைச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்கத்து பிரவுன் பேப்பருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பிரிண்ட் வாங்கி விற்கிற நேர்மையான கடையில் நீங்கள் கேட்காமலே படத்தை வெளியே எடுத்து, ஓரத்தைக் காட்டி, எங்கே கிழிந்திருக்கிறது எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

பார்சல் வந்தது. கண்ணாடிக்குள்ளே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, காகிதம் ஒரே சீராகப் பழுப்பு. அந்தச் சீர்தான் முதலில் உறுத்தியது. பழைய படங்களில் பழுப்பு திட்டுத் திட்டாக இருக்கும், வெளிச்சம் பட்ட இடம் ஒரு மாதிரி, ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டைக்கு அடியில் இருந்த இடம் வேறு மாதிரி, மட்டமான அட்டை என்றால் அதன் வெட்டு விளிம்பை ஒட்டி ஒரு பழுப்புக் கோடே விழுந்திருக்கும். பின்பக்கத்தைப் பிரித்தேன். அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் பளிச்சென்று வெள்ளை, தெரிகிற பகுதியில் மட்டும் டீத்தண்ணி நிறம், அது வெளிச்சத்தால் வந்த நிறம் இல்லை, தூரிகையால் தடவிய கோடுகள் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தன. புற ஊதா டார்ச்சை அடித்தால் அந்த வெள்ளை ஓரம் நீலமாக ஜொலித்தது. காகிதத்தில் வெண்மை கூட்டுகிற ரசாயனம் சேர்ப்பது 1950க்குப் பிறகு பரவின பழக்கம், 1839 காகிதத்தில் அது இருக்க வழியே இல்லை.

அப்புறம் லூப். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, இங்கே சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. அக்வாடின்டில் தகட்டின் மேல் பிசின் பொடியைப் படிய வைத்து, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இடுவார்கள். பொடித் துகள்களுக்கு நடுவே அமிலம் அரித்த இடத்தில் மை தங்கும். அதனால் லூப்பில் பார்த்தால் வானமும் நிழலும் ஒழுங்கில்லாத மெல்லிய வலை மாதிரித் தெரியும், துகளைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற வலை. வண்ணம் அதற்கு மேல் தண்ணீர் வண்ணமாகக் கையால் பூசியது, கோட்டைத் தாண்டி இங்கே அங்கே வழிந்திருக்கும், ஒரு பிரதியில் இருக்கிற மாதிரி இன்னொன்றில் இருக்காது. இரவுச் சவாரிப் படங்களில் இதைப் பார்ப்பது ரொம்ப சுலபம், ஏனென்றால் முழு வானமும் இருட்டு, பெரிய பரப்பு, அந்த வலை எங்கும் பரவியிருக்க வேண்டும். என் கையில் இருந்த நிலா வானத்தில் வலையும் இல்லை, பூச்சும் இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாக வட்டம் கட்டி வரிசையாக நின்றன. வாரப் பத்திரிகை அட்டையை லூப்பில் பாருங்கள், அதேதான். சாதாரண ஆஃப்செட் அச்சு.

தகட்டின் தடம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஈரக் காகிதத்தைத் தகட்டோடு சேர்த்து அழுத்தும்போது விளிம்பைச் சுற்றிப் பள்ளம் விழும், அதுதான் அசலுக்கு அடையாளம் என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதனால் போலி செய்கிறவர்களும் வெறும் தகட்டை வைத்து ஒரு அழுத்து அழுத்தி அந்தப் பள்ளத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். பள்ளத்தைக் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புள்ளி இல்லாததும் ஆதாரம் ஆகாது. கொலோடைப் என்கிற பழைய முறையில் எடுத்த நகல்களில் இந்தப் பூப்புள்ளி இருக்காது, நெளிநெளியான நுண் சுருக்கம் மட்டும் இருக்கும், பழகாத கண்ணுக்கு அக்வாடின்ட் மாதிரியே தெரியும். அந்த வகை வந்தால் நம்மால் முடியாது, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். பதிலைக் கேளுங்கள்: படத்தின் அடியிலேயே 1839 என்று அச்சாகியிருக்கிறது, அதைத்தான் நாங்கள் எழுதினோம். ஐயா, அது வெளியீட்டாளர் தகட்டில் செதுக்கிய வரி! போட்டோ எடுத்து நகல் போட்டால் அதுவும் கூடவே வரத்தான் செய்யும். நகல் என்றில்லை, அசல் தகட்டையே வைத்துப் பல வருடம் கழித்து மறுபடி அச்சடித்தாலும் அந்தத் தேதி மாறாது. அப்படி மறுபடி அச்சடித்தவற்றில் தகடு தேய்ந்து, மெல்லிய சாயல்கள் போய், படம் சோகை பிடித்த மாதிரி இருக்கும், அதை முதல் பதிப்பு விலைக்கு விற்பது இன்னொரு கூட்டம். காகிதத்தில் வாட்மன் என்ற காகிதத் தயாரிப்பாளரின் வாட்டர்மார்க்கில் வருடம் இருந்தால்கூட அந்த வருடத்துக்கு முன்னால் அச்சாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

இரண்டாவது பதில் இன்னும் ஜோர். ஒட்டைப் பிரித்துவிட்டீர்கள், பொருள் சேதம், திருப்பி எடுக்க முடியாது. மூன்றாவது பதில் வரவே இல்லை, போனும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரர்கள் மிரட்டினால் உதவும். இங்கிலாந்தில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால் பொருள் வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்த உரிமையில் வேண்டுமானால் தேவைக்கு மேல் பிரித்து மதிப்பைக் குறைத்துவிட்டீர்கள் என்று கொஞ்சம் கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் விவரித்தபடி பொருள் இல்லை என்பது தனி உரிமை, 2015 நுகர்வோர் சட்டத்தில் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம், போலியா என்று பார்க்கப் பிரித்ததை அங்கே குற்றமாகச் சொல்ல முடியாது. கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருள் என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது, பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு நிச்சயம் கிடையாது. "டிரான்ஸ்ஃபர் செய்தால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று இந்தக் கடையில் போட்டிருந்தார்கள், ஏன் என்று இப்போது புரிகிறதா?

கார்டு நிறுவனம் வெளியாள் கருத்து கேட்டது. பிரிண்ட் பார்த்துப் பழகிய ஒரு நிபுணரிடம் கொண்டுபோனேன், அவர் லூப்பைக் கண்ணில் வைத்து உடனே கீழே வைத்துவிட்டார், கடிதம் எழுதத்தான் நேரம் ஆனது. 740 வந்தது. நிபுணர் கட்டணமும் அலைச்சலும் என் கணக்கு.

கடைக்காரரின் மற்ற சரக்கையும் அப்புறம் பார்த்தேன். ஒரு எண்ணெய் ஓவியம், "ஸ்டப்ஸ் காலம், சுமார் 1790" என்று போட்டு நாலாயிரத்துச் சொச்சம் விலை. பாய்ந்து ஓடுகிற குதிரை, நாலு காலும் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடியிருக்கிறது. ஸ்டப்ஸ் குதிரைப் பிணங்களைத் தோலுரித்துத் தசை தசையாக வரைந்து 1766ல் உடற்கூறு நூலே வெளியிட்டவர், லண்டன் நேஷனல் கேலரியில் அவருடைய விசில்ஜாக்கெட் என்ற குதிரை ஓவியத்தின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவரே ஓடுகிற குதிரையை வரையும்போது முன்னங்கால் முன்னால், பின்னங்கால் பின்னால் நீட்டித்தான் போட்டார், அந்தக் காலத்து வழக்கம் அது. நாலு காலும் தரையை விட்டு எழும்புகிற நொடியில் கால்கள் உள்ளே மடங்கியிருக்கும் என்பதை 1878ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் வரிசை போட்டோ எடுத்துக் காட்டிய பிறகுதான் ஓவியர்கள் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1790 என்று எழுதிய படத்தில் இந்தக் கால் எப்படி வந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் நன்றாக இருக்கும். நான் விளம்பரத்தைப் புகாரோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

ஆல்கன் என்ற கையெழுத்தை மட்டும் வைத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா ஹென்றி ஆல்கன் 1851ல் இறந்தார். மகன் சாமுவேல் ஹென்றி ஆல்கனும் வேட்டை, பந்தயம்தான் வரைந்தார், எச். ஆல்கன் என்றேதான் கையெழுத்தும் போட்டார், 1894 வரை இருந்தார். மகனுடையதை அப்பா விலைக்குத் தள்ளுவது பழைய வித்தை, அறியாமல் செய்கிறவர்களும் உண்டு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் மூன்று போட்டோ கேளுங்கள்: ஃப்ரேமுக்கு வெளியே முழுத் தாள், பின்பக்கம், லூப் வழியாக வானத்தின் ஒரு மூலை. போனின் மேக்ரோ கேமராவே போதும். படத்தின் அளவையும் கேளுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் பழைய பிரிண்ட் ஏராளமாக அளவோடு இருக்கிறது, அமெரிக்கச் சேகரிப்பாளர் பால் மெல்லன் சேர்த்த பிரிட்டிஷ் படங்களில் பெரும்பகுதி யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது, அதையும் இணையத்தில் பார்க்கலாம். நகல்கள் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். சான்றிதழைப் பொருட்படுத்தவே வேண்டாம், எனக்கு வந்ததில் தங்க ஸ்டிக்கர் இருந்தது, யார் சான்று கொடுத்தது என்பது மட்டும் இல்லை.

நாலு படமும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியும் அவர் வரவில்லை. ஆனால் அதே போட்டோக்கள், அதே லெஸ்டர்ஷயர் மாளிகை, அதே "ஒரே ஒரு செட்" விளம்பரம் போன வாரம் மறுபடி ஏறியிருக்கிறது, விலை இப்போது 795. கறுப்பும் தங்கமுமான ஃப்ரேம், வெளிர் பச்சை மவுண்ட், இரண்டாவது படத்தின் ஃப்ரேமில் வலது கீழ் மூலையில் சின்னப் பெயர்ப்பு. கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், புகாரில் சேர்க்க வேண்டும்.